காய்ந்த ஓலையைத் திருப்பிக் கட்டியவர்

பாலக்காட்டுப் பக்கத்துச் சித்தூர்த் தாலுகாவில் நல்லதம்பி ஏறாத தென்னந்தோப்பு இல்லை. ஆனால் அந்தத் தோப்புகளுக்குள் இருந்த கிணறுகளில் பாதிக்கு மேல் அவர் கை வைக்கக் கூடாதவை. விடியும் முன் அறுபதடி மரத்தில் ஏறிப் பாளை சீவுவார். இறக்கிய கள்ளை வேலிக்கு வெளியே வைத்துவிட்டுத் தள்ளிப்போய் நிற்பார். கள்ளுக்குத் தீட்டு கிடையாது, இறக்கியவருக்கு உண்டு. இது என்ன நியாயம் என்று அவர் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்கும் பழக்கமே அப்போது அவரிடம் இல்லை. முப்பத்தெட்டாவது வயதில், எள்ளளவு இருக்கும் ஒரு குளவியைப் பார்த்த பிறகுதான் அது அவருக்கு வந்தது.

அதற்கு முன்னால் அவரிடம் இருந்தது ஒரே ஒரு கர்வம். மரத்தின் கொண்டையை அழுக்காக விட்டுவிட்டு அவர் இறங்கமாட்டார். காய்ந்த மட்டை, பன்னாடை, உலர்ந்த பாளை எல்லாவற்றையும் அரிவாளால் கழித்துத் தள்ளி, எலிக்கும் வண்டுக்கும் ஒளிய இடமில்லாமல் துடைத்துவிட்டுத்தான் தளைக்கயிற்றில் காலை வைப்பார். நல்லதம்பி இறங்கின மரம் தலை வாரிப் பூ வைத்த பெண்ணைப்போல இருக்கும் என்று கள்ளுக்கடையில் பேசிக்கொள்வார்கள். அவர் காதில் விழும்படிதான் பேசுவார்கள். அவரும் காதில் விழாததுபோல் இருந்துகொள்வார்.

1953 கோடையில் தோப்புகளுக்குக் கருந்தலைப் புழு வந்தது. விரல் நகத்தின் நீளம்கூட இல்லாத புழு. தலை மட்டும் கறுப்பு. ஓலையின் அடிப்பக்கத்தில் நூலால் கூடாரம் போட்டுக்கொண்டு உள்ளே இருந்து பச்சையைச் சுரண்டித் தின்னும். அடிமட்டையில் தொடங்கி வரிசை வரிசையாக மேலே ஏறும். இரண்டே மாதத்தில் தோப்பு முழுவதும் தீயில் வாட்டி எடுத்ததுபோல் சாம்பல் நிறமாக நின்றது. ஜன்மிகள், அதாவது அந்த நிலங்களை வாழையடி வாழையாகக் கைக்குள் வைத்திருந்தவர்கள், முதலில் பூசாரியைத்தான் அழைத்தார்கள். மந்திரித்த கயிறு மரத்துக்கு மரம் ஏறியது. அதையும் ஏறிக் கட்டியவர் நல்லதம்பிதான். புழு அந்தக் கயிற்றின் மேலேயே ஊர்ந்து போனதையும் பார்த்தவர் அவர்தான்.

அப்போது சர்க்கார் ஒரு சின்ன நிலையத்தைச் சித்தூரில் திறந்திருந்தது. ஊரார் அதற்கு வைத்த பெயர் பூச்சி ஆபீஸ். ஓடு போட்ட இரண்டு அறை. சுவரோரம் பலகைகள், பலகைகள் நிறைய அரிக்கேன் விளக்குச் சிம்னிகள். ஒவ்வொரு கண்ணாடிச் சிம்னியின் இரு வாயிலும் துணி கட்டி, உள்ளே ஓலைத் துண்டும் புழுவும் சில கறுப்புப் புள்ளிகளும். அந்தப் புள்ளிகள் கருந்தலைப் புழுவைக் கொல்லும் குளவிகள். அவற்றை வளர்ப்பதுதான் அங்கே உதவியாளராக இருந்த சிக்கந்தரின் வேலை. பாலக்காட்டில் கொப்பரை வியாபாரம் செய்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. இருபத்தாறு வயது. வீட்டார் கடையில் உட்காரச் சொன்னபோது, பூச்சி படிக்கப் போகிறேன் என்று ஓடிவந்தவர்.

குளவியைக் கொண்டையில் விட ஆள் வேண்டியிருந்தது. படித்தவர்கள் யாருக்கும் மரம் ஏறத் தெரியாது. அப்படித்தான் நல்லதம்பி ஆபீஸ் வாசலுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். சிக்கந்தர் உள்ளே கூப்பிட்டு, ஒரு சிம்னியையும் பூதக்கண்ணாடியையும் கையில் கொடுத்து, வேலை இன்னதென்று சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள் என்றார்.

நல்லதம்பி பார்த்தார். ஓலை மடிப்புக்குள் ஒரு புழு அசையாமல் கிடந்தது. அதன் மேல் எறும்பு மாதிரி ஒரு கறுப்புக் குளவி. கொட்டிப் புழுவைச் செயலறச் செய்துவிட்டு, அதன் உடம்பின் மேலேயே வரிசையாக முட்டை வைத்திருந்தது. வைத்துவிட்டுப் போய்விடவில்லை. அங்கேயே நின்றது. இன்னொரு குளவி பக்கத்தில் வந்தபோது தலையைத் தாழ்த்திக்கொண்டு பாய்ந்து விரட்டியது. திரும்பி வந்து முட்டைகளை ஒவ்வொன்றாக உணர்கொம்பால் தொட்டுப் பார்த்தது. குஞ்சுகள் புழுவைத் தின்று வளர்ந்து கூடு கட்டும்வரை இது இந்த இடத்தை விட்டு நகராது என்று சிக்கந்தர் சொன்னார். தரையில் மண்டியிட்டு நல்லதம்பி எவ்வளவு நேரம் இருந்தார் என்று அவருக்கே தெரியாது. சாயங்காலப் பாளைக்கு நேரமாகிவிட்டது என்ற நினைவே வரவில்லை.

"இதுக்கு ஆருங்க சொல்லிக் குடுத்தது?" என்று கேட்டார்.

"யாரும் சொல்லித் தரல்லண்ணே. எந்தக் காலமோ தொட்டு இது இப்படித்தான் செய்யுது. நாமதான் நேரங்கழிச்சுப் பாக்கறோம்."

"இருவது வருசமா இதும் பக்கத்துலயே நின்னிருக்கறனுங்க" என்றார் நல்லதம்பி. "பாத்ததே இல்லீங்களே."

ஒரு ஜன்மியின் தோப்பில் நாற்பது மரங்களில் அவர் குளவி விட்டார். கண்ணாடிக் குழாயின் பஞ்சை எடுத்துவிட்டு, அவை ஒவ்வொன்றாக ஓலைக்குள் நடந்து மறைவதை மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தார். அடுத்த வாரம் அதே மரங்களில் பாளை சீவ ஏறினார். ஏறியவர் என்ன செய்வார்? கை செய்து பழகியதைச் செய்தது. காய்ந்த மட்டைகளை எல்லாம் கழித்துத் தள்ளிவிட்டு, நாற்பது மரத்துக்கும் தலை வாரிவிட்டு இறங்கினார். மட்டைகள் ஜன்மி வீட்டில் நெல் அவிக்க விறகாகப் போயின.

ஒரு மாதமாகியும் புழு குறையவில்லை. நிலையத்து ஆபீசர் வந்தார், அண்ணாந்து பார்த்தார், சீக்குக் குளவியை வளர்த்துக் கொடுத்ததாகச் சிக்கந்தருக்கு ஒரு மெமோ எழுதினார். ஜன்மி மறுபடி பூசாரிக்கு ஆள் அனுப்பினார்.

நல்லதம்பி விஷயத்தைக் கண்டது ஜன்மி வீட்டுப் பின்கட்டு வேலியோரம். காலிக் கள்ளுப்பானைக்காகக் காத்து நின்றவர், சும்மா இருக்காமல் விறகுக் குவியலிலிருந்து ஓர் ஓலையை உருவி மடிப்பைப் பிரித்தார். வற்றிப்போன புழு ஒன்று. அதன் பக்கத்தில் சீரகத்தைக் கொட்டி வைத்ததுபோல் எட்டு ஒன்பது குளவிக் கூடுகள். அடுத்த ஓலையிலும் அப்படியே. நான்கடி தள்ளி அடுப்பில் அதே ஓலைகள் படபடவென்று எரிந்துகொண்டிருந்தன. நாற்பது மரத்துக் குளவிகளையும் அடுப்புக்கு அனுப்பியது தன் அரிவாள்தான் என்று அவருக்குப் புரிந்தது.

அவர் யாரிடமும் சொல்லவில்லை. தோப்பு வேலை போய்விடுமே என்ற பயம் பாதி. மீதி அந்தக் கர்வம். சிக்கந்தர் மறுபடி குளவி வளர்த்துக் கொடுத்தபோது, கொண்டைகளைத் தொடாமல் பேசாமல் விட்டுவிட்டார். தோப்பு பச்சையேறியது. பூசாரிக்கு வேட்டி கிடைத்தது. ஆபீசர் மேலிடத்துக்கு எழுதிய அறிக்கையில், இரண்டாவது தடவை நல்ல குளவிகள் மரமேறி ஒருவனைக் கொண்டு விடப்பட்டன என்று இருந்தது. மரமேறிக்குப் பெயர் இல்லை. சிக்கந்தரின் மெமோவோ கோப்பில் அப்படியே இருந்தது.

1955 தை மாதம் சிக்கந்தருக்கு இலங்கையிலிருந்து ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் அவருடைய அக்கா ருக்கியா. மட்டக்களப்புப் பக்கம் ஜவுளிக்கடை வைத்திருந்த பாலக்காட்டுக்காரருக்கு வாழ்க்கைப்பட்டுப் போனவர். கணவர் இறந்து மூன்று வருஷம். மிஞ்சியது கடலோரத்தில் அறுபது தென்னை. அதில் கருந்தலைப் புழு விழுந்திருந்தது. சுற்றியிருந்த சின்னக் குடியானவர்களின் தோப்புகளிலும் அதேதான். பக்கத்திலிருந்த பெரிய எஸ்டேட்டுக்குப் புழு பரவாமல் இருக்க, இந்தச் சின்னத் தோப்புகளை வெட்டி எரிக்கச் சொல்லி உத்தரவு வந்துவிட்டது. பெரிய தோப்பைக் காக்கச் சின்னத் தோப்புகள் சாக வேண்டும். எந்த நாட்டிலும் உத்தரவுகள் இந்தத் திசையில்தான் எரிகின்றன. அந்த ஊர்ப் பரிசோதகர் ஒருவர் மட்டும் மனமிரங்கி வைகாசிவரை தவணை கொடுத்திருந்தார். அதற்குள் புழு அடங்கி நடுக்கொண்டை பச்சையாக நின்றால் விட்டுவிடுவார்கள். நீ அங்கே வளர்க்கும் குளவி இங்கே வருமா என்று ருக்கியா கேட்டிருந்தார்.

ஆபீசர் குளவிக்குச் சம்மதித்தார். ஆளுக்குச் சம்மதிக்கவில்லை. சிக்கந்தருக்கு லீவு கிடையாது. கிடைத்தாலும் அவருக்கு மரம் ஏறத் தெரியாது. கடிதத்தை அவர் வாசித்துச் சொன்னபோது நல்லதம்பி வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்.

"நான் போறனுங்க" என்றார்.

வீட்டில் அவர் மனைவி சின்னத்தாய், அங்கே என்ன தருவார்கள் என்று கேட்டார். ஒன்றும் தரமாட்டார்கள், சாப்பாடு போடுவார்கள் என்றார் நல்லதம்பி. மூன்று மாதம் சீவாமல் விட்டால் பாளை வற்றிவிடும், மரங்களை வேறு ஆளுக்கு மாற்றிவிடுவார்கள் என்பது இருவருக்கும் தெரியும்.

"ஏனுங்க, கடல் தாண்டிப் போறவிய எல்லாம் எதையாச்சும் சம்பாரிச்சுக்கிட்டு வருவாங்க. நீங்க இங்கிருந்து பூச்சியக் கொண்டுபோயி வுட்டுப்போட்டு வெறுங்கையோட வரப்போறீங்களா?"

சின்னத்தாய் அவர் முகத்தையே கொஞ்சநேரம் பார்த்தார். இவர் எதையோ மனதில் போட்டுப் புதைத்து வைத்திருக்கிறார் என்பது தெரிந்தது; என்னவென்று தெரியவில்லை. மறுநாள் அடுப்படிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சீசா மலைத்தேனை எடுத்துவந்து வைத்தார். பூச்சிக்குப் பசிக்குமல்லவா என்றார்.

காகிதங்கள் வந்து சேர மாசி பிறந்துவிட்டது. குளவியைக் கொண்டுவர ஒரு சீட்டு, ஆளுக்கு மூன்று மாத அனுமதி. பன்னிரண்டு கண்ணாடிக் குழாய், குழாய்க்கு இருபது குளவி, பஞ்சில் தொட்ட தேன். ஈரத்துணி சுற்றி மூங்கில் கூடையில் அடுக்கி, ஒலவக்கோட்டில் ரயிலேறினார். பகலெல்லாம் கூடையை மடியில் வைத்து விசிறினார். கப்பலேறும் துறையில் முதல் வகுப்புக்காரர்கள் நேரே போனார்கள். மூன்றாம் வகுப்புக்காரர்களின் மூட்டைகளை மட்டும் கிருமி நீக்கும் அறைக்குள் தள்ளினார்கள். நோய்க்கிருமிகூட டிக்கெட்டைப் பார்த்துத்தான் ஏறும்போல. நல்லதம்பி தன் வேட்டி துண்டு எல்லாவற்றையும் கொடுத்தார், கூடையைக் கொடுக்கவில்லை. சீட்டைக் காட்டியும் கேட்காத குமாஸ்தாவின் கையில் பூதக்கண்ணாடியைக் கொடுத்துக் குழாயை நீட்டினார். குமாஸ்தா பார்த்தார். வரிசையில் பின்னால் நின்றவர்கள் கத்தும்வரை பார்த்தார். பிறகு கையை அசைத்துப் போகச் சொன்னார்.

இத்தனை செய்தும் மட்டக்களப்பில் கூடையைத் திறந்தபோது ஏழு குழாயில் எல்லாம் செத்துக் கிடந்தன. உயிரோடிருந்தவை ஐந்து குழாய், நூறு குளவி.

ருக்கியா அவரைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, சித்தூர் பஸ் இப்போதும் ஏற்றத்தில் நின்று ஆட்களை இறக்கித் தள்ளவைக்கிறதா என்பது. ஊர்ப்பேச்சைக் கேட்டு வருஷமாகிவிட்டது என்று சிரித்தார். பிறகு வீட்டுக்குள்ளே பாய் போட்டு உட்காரவைத்து, தன் கையாலேயே சோறு போட்டார். நல்லதம்பி பிசைந்த கையோடு கொஞ்சநேரம் உட்கார்ந்திருந்தார். ஒரு வீட்டின் உள்சுவரைப் பார்த்துக்கொண்டு சாப்பிடுவது, அவரைக் கூலிக்கு அழைத்த எந்த வீட்டிலும் அவருக்கு வாய்த்ததில்லை.

அந்த ஊர் மரமேறி சிலுவைராஜ், நல்லதம்பியின் வயதுக்காரர். இரண்டு பேரும் ஒருவர் ஏறுவதை மற்றவர் பார்த்த முதல் நாளே சிநேகிதராகிவிட்டார்கள். நல்லதம்பி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தார். புழு எங்கே இருக்கும், குளவியை எந்த மட்டையில் விட வேண்டும், மருந்துத்தூள் எதையும் கிட்டே கொண்டுவரக் கூடாது, பதினாலு நாளில் புதுக் குளவி வரும். எல்லாவற்றையும் சொன்னார், ஒன்றைத் தவிர. அதைச் சொன்னால் சித்தூரில் நடந்ததையும் சொல்ல வேண்டியிருக்கும். அதற்குப் பதிலாக ஒருநாள் பேச்சுவாக்கில், எங்கள் பக்கத்து மரமேறி கொண்டையை அழுக்காக விட்டு இறங்கமாட்டான் என்று பழைய பெருமையை அடித்துவிட்டார்.

தோப்பின் நடுவில் பன்னிரண்டு மரங்களில் நூறு குளவியையும் விட்டார். இனி செய்வதற்கு ஒன்றுமில்லை. ஒன்பதாம் நாள் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டு மூன்று நாள் பாயிலிருந்து எழவில்லை. பன்னிரண்டாம் நாள் காலை சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பன்னிரண்டு மரமும் தலை வாரிக்கொண்டு நின்றன.

சிலுவைராஜ் கீழே நின்று சிரித்துக்கொண்டிருந்தார். "என்ன அண்ணன், உங்கட ஊருக்கு நாங்களும் குறைச்சல் இல்லை, கண்டீங்களா? நீங்க எழும்பி வரக்குள்ள காட்டவேணும் எண்டு நேத்து முழுக்க நான் கீழ இறங்கவே இல்லை."

நல்லதம்பி பதில் சொல்லாமல் வீட்டின் பின்பக்கம் போனார். போகப் போக ஓட்டமாகிவிட்டது. ருக்கியா நெல் அவித்துக்கொண்டிருந்தார். எரிந்துகொண்டிருந்த மட்டையைக் கையாலேயே வெளியே இழுத்துப் போட்டு மிதித்தார் நல்லதம்பி.

"அடுப்ப அணைச்சுப்போடுங்க அம்மணி."

ருக்கியா அணைத்தார். பின்னாலேயே சிலுவைராஜ் ஓடிவந்து நின்றார். நல்லதம்பி தரையில் உட்கார்ந்து ஓர் ஓலையைப் பிரித்துக் காட்டினார். சீரகக் கூடுகள், கருகி.

"இது அவரு தப்பில்லீங்க. என்ர தப்பு" என்றார். "ரெண்டு வருசத்துக்கு முந்தி சித்தூர்ல இதே வேலைய நானே பண்ணுனனுங்க. கொண்டையத் தொடச்சு, குஞ்சு குருமானோட அடுப்புக்கு அனுப்பிச்சுப்போட்டேன். உங்க தம்பிக்கு மெமோ வந்துது. சீக்குக் குளவிய வளத்துனாருன்னு. நான் வாயத் தொறக்கலீங்க. அங்க சொல்லியிருந்தன்னா இங்க வந்தும் சொல்லியிருப்பேன்."

ருக்கியா அவரைப் பார்த்தார், அணைந்த அடுப்பைப் பார்த்தார், குவியலைப் பார்த்தார். அந்தக் குவியலைத் தவிர அவருக்கு வேறு தோப்பு இல்லை.

"எத்தன ஓலை எரிஞ்சிருக்கும்?"

"பாதி இருக்குமுங்க."

"அப்ப பாதி இருக்கு. முதல்ல அதப் பாப்போம், அண்ணே. ஏசுறத பொறவு ஏசிக்கிறேன்."

அன்று முழுவதும் மூன்று பேரும் ஓலை ஓலையாகப் பிரித்தார்கள். தரையில் கிடந்தவற்றில் எறும்பு ஏறத் தொடங்கியிருந்தது. இருட்டிவிட்டால் அதுவே எல்லாவற்றையும் முடித்துவிடும். பூதக்கண்ணாடி கை மாறி மாறிப் போனது. கூடுள்ள மட்டைகள் முப்பத்தேழு தேறின. நல்லதம்பி எழுந்தார். காய்ச்சலில் உடம்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. கயிற்றைக் கேட்டு வாங்கி, ஒரு காய்ந்த மட்டையை முதுகில் கட்டிக்கொண்டு மரத்தில் ஏறி, அது இருந்த இடத்திலேயே திருப்பிக் கட்டினார். ஒரு மரத்தில் அவர், மறு மரத்தில் சிலுவைராஜ். பொழுது சாய்வதற்குள் முப்பத்தேழு மட்டையும் மேலே போய்விட்டன.

வேலியோரம் ஊரே கூடிவிட்டது. இந்தியாவிலிருந்து வந்தவர் விழுந்த பல்லைத் திரும்ப நட்டுக்கொண்டிருக்கிறார் என்றார் ஒருவர். இன்னொருவர், உதிர்ந்த இலைகளையும் பொறுக்கித் தரட்டுமா என்று கூவிக் கேட்டார். நல்லதம்பிக்குச் சிரிப்பும் வரவில்லை, கோபமும் வரவில்லை. நாளை மறுநாள் பதினாலாம் நாள். அந்தக் கூடுகளுக்குள் உயிர் இருந்தால் உண்டு. இல்லையென்றால் ருக்கியாவின் அறுபது மரமும் அவற்றைச் சுற்றியுள்ள அத்தனை பேரின் மரங்களும் சாம்பல்.

பதினாலாம் நாள் விடிந்ததும் ஏறிக் கொண்டையில் உட்கார்ந்தார். கடல் கண்ணுக்கெட்டியவரை பரந்து கிடந்தது. அவர் ஒருமுறைகூட அந்தப் பக்கம் திரும்பவில்லை. ஓர் ஓலையைப் பிரித்துப் பூதக்கண்ணாடியை வைத்தபடி இருந்தார். வெயில் ஏறியது. கழுத்து மரத்துப்போனது. ஒன்றும் அசையவில்லை. பிறகு ஒரு கூட்டின் நுனியில் ஊசி குத்தியதுபோல் ஒரு துளை விழுந்தது. உள்ளிருந்து யாரோ கடித்துக் கடித்துத் துளையை அகலமாக்கினார்கள். கறுப்பாக ஒரு தலை. இரண்டு உணர்கொம்பு. ஒரு கால் வெளியே வந்து எதையோ தேடி ஓலையைப் பற்றியது. முழுவதும் வெளியே வந்ததும் அது செய்த முதல் காரியம் முகத்தைத் துடைத்துக்கொண்டதுதான், தூங்கி எழுந்த குழந்தைபோல. இறக்கையைப் பிரித்துப் பார்த்தது. மூன்றடி நடந்தது. ரயிலும் கப்பலும் கிருமி அறையும் காய்ச்சலும் அடுப்பும் எதுவும் தெரியாமல், யாரும் சொல்லிக் கொடுக்காமல், நேராக அடுத்த மட்டையில் புழு இருந்த மடிப்பைத் தேடிப் போனது. அதற்குள் பக்கத்துக் கூட்டில் துளை விழுந்தது. அதற்குப் பக்கத்திலும். நல்லதம்பியின் கண்ணீர் பூதக்கண்ணாடியை மறைத்தது. துடைக்கக் கையை எடுத்தால் ஒன்றைப் பார்க்காமல் விட்டுவிடுவோமோ என்று துடைக்காமலே இருந்தார். இத்தனை காலமும் ஆகாயத்துக்கு அருகில் நின்று அவர் பார்த்தது கள்ளுப்பானையின் அடியை மட்டும்.

இரண்டு மாதத்தில் தோப்பு திரும்பியது. பதினாலு நாளுக்கு ஒரு தலைமுறையாகக் குளவி பெருகி, ருக்கியாவின் வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோப்புகளுக்குப் போனது. அப்போதுதான் புதுத் தொல்லை வந்தது. ஊரார் நல்ல மரங்களிலும் காய்ந்த மட்டையைக் கட்டத் தொடங்கினார்கள். ஒருவர் மட்டைக்குக் கற்பூரம் காட்டினார். இன்னொருவர் கட்டும்போது என்ன மந்திரம் சொன்னீர்கள் என்று இரகசியமாக வந்து கேட்டார். அந்த ஊரில் நல்லதம்பிக்குக் கோபம் வந்தது அந்த ஒரு முறைதான். சித்தூரில் மந்திரக்கயிற்றைக் கட்டிய கைகள் அல்லவா அவருடையவை. கூடுள்ள ஓலைகளைக் கீழே கொண்டுவந்து, கற்பூரம் காட்டியவர் தொடங்கி ஆண் பெண் அத்தனை பேரையும் வரிசையாக நிறுத்திப் பூதக்கண்ணாடி வழியே பார்க்கவைத்தார். பார்த்துவிட்டு நிமிர்ந்த யாரும் அன்று சத்தமாகப் பேசவில்லை. கற்பூரக்காரர் மறுபடி வரிசையின் கடைசியில் போய் நின்றார்.

அதன்பிறகு கடலோரம் ஒவ்வொரு ஊராகக் கூப்பிட்டார்கள். அரிக்கேன் சிம்னியில் குளவி வளர்க்கச் சொல்லிக் கொடுத்தார். எந்த ஊரில் பேசினாலும் அவர் பாடம் ஒரே மாதிரிதான் தொடங்கும்: நான் செய்த தப்பு இது, இதை நீங்கள் செய்யாதீர்கள்.

வைகாசியில் பரிசோதகர் வந்தார். அறுபது மரத்தின் நடுக்கொண்டையும் பச்சையாக நின்றது. அவர் நம்பாமல் ஓலைகளை இறக்கச் சொல்லி, ஒவ்வொரு மடிப்பாகப் பிரித்துப் பார்த்தார். பிரித்த இடமெல்லாம் வற்றிய புழுவும் சீரகக் கூடும்தான். உத்தரவுத் தாளை எடுத்து ருக்கியாவின் பெயரைக் கோடு கிழித்து அடித்தார். அக்கம்பக்கத்துத் தோப்புக்காரர்களின் பெயர்களையும் அடித்தார். பிறகு நல்லதம்பியைக் காட்டி, இவர் எந்த இலாகாவைச் சேர்ந்தவர் என்று கேட்டார்.

"எந்த இலாகாவும் இல்லைங்க" என்றார் ருக்கியா. "எங்க ஊர்க்காரர்."

விடை பெறும்போது, ஏசுவதாகச் சொல்லியிருந்தீர்களே என்று நல்லதம்பி ஞாபகப்படுத்தினார். அதை என் தம்பிக்கு விட்டுவிட்டேன், அங்கே போய் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார் ருக்கியா.

சித்தூரில் அவருடைய மரங்கள் வேறு ஆளுக்குப் போயிருந்தன. சின்னத்தாய் வெறும் தேன்சீசாவை வாங்கிப் பார்த்து, சம்பாதித்ததை எல்லாம் இதிலா போட்டுக்கொண்டு வந்தீர்கள் என்றார். அவர் சாப்பிட உட்காரவில்லை. பூச்சி ஆபீசுக்குப் போய் சிக்கந்தரின் முன்னால் நின்று எல்லாவற்றையும் சொன்னார். ஜன்மி வீட்டு அடுப்பிலிருந்து தொடங்கிச் சொன்னார்.

சிக்கந்தர் பலகையில் இருந்த சிம்னிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ரெண்டு வருஷமா" என்றார் கடைசியில், "நான் வளர்த்த குளவியிலதான் குத்தம்னு நானே நம்பிட்டேன் அண்ணே. ராத்திரி எழுந்து வந்து சிம்னிய எல்லாம் மோந்து பாத்திருக்கேன்."

நல்லதம்பி தலையைக் குனிந்துகொண்டார். மட்டக்களப்பில் ருக்கியா விட்டுவைத்த ஏச்சு இதுதான். இதைவிட வலுவாக யாரும் ஏசிவிட முடியாது.

சிக்கந்தர் எழுந்து போய் நிலையத்தின் பெரிய நோட்டை எடுத்துவந்தார். குளவி வளர்ப்பில் கண்டவை எல்லாம் எழுதும் நோட்டு. ஆபீசரின் முக்காலியை இழுத்து நல்லதம்பிக்கு முன்னால் போட்டார். அவர் உட்காரும்வரை பேனாவைத் திறக்கவில்லை.

"உங்க வாயாலயே சொல்லுங்க. மெல்லச் சொல்லுங்க, ஒரு வார்த்த விடாம எழுதறேன்."

நல்லதம்பி முக்காலியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

"நல்லதம்பி, மரமேறி, சித்தூர்" என்று தொடங்கினார். "அந்த நாப்பது மரத்தோட கொண்டையத் தொடச்சது நான்."